சிற்றுருவ வண்ணக் கலையும் உடன்பயில்வோர் கண்ணும்

பழந்தமிழர் ஓவியரைக் 'கண்ணுள் வினைஞர்' என்றனர். மதுரைக்காஞ்சியிலும் சிலப்பதிகாரத்திலும் இப்பெயர் வருகின்றது. காண்பவர் கண்ணிடத்தே தம் தொழிலைக் கொண்டு நிறுத்துவோர் என்பது நச்சினார்க்கினியர் கண்ட பொருள். தீட்டுபவனுக்கு எதிரே பார்ப்பவன் ஒருவன் வேண்டும் என்பது அப்பெயரிலேயே அடங்கியிருக்கின்றது. மண்ணால் உருவம் சமைக்கும் 'மண்ணீட்டாள'ரைச் சிலப்பதிகாரம் இவர்களை அடுத்தே வைத்து எண்ணுகின்றது. புகார் நகரத்து மனைகளில் வெண்சுதைமேல் இயற்றிய உருவங்களை மக்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்த காட்சியை மணிமேகலை காட்டும்.

வண்ணமும் மண்ணும் ஆகிய இவ்விரு தொழிலும் ஒன்றுகூடும் இடம் சிறு பொம்மை. தமிழகத்தில் பண்ணுருட்டி, காஞ்சிபுரம், மதுரையை அடுத்த விளாச்சேரி, சென்னைக் கொசப்பேட்டை ஆகிய இடங்களில் நவராத்திரிக் கொலுவுக்கான பொம்மைகள் செய்யப்படுகின்றன. மண்ணோ காகிதக் கூழோ அச்சில் அழுத்தப்பட்டு, உலர்ந்து, வெள்ளைப் பூச்சுப் பெற்று, அதன்மேல் வண்ணம் ஏறும். தொழிற்குடும்பங்களில் கற்றுக்குட்டியின் கைக்கு முதலில் வருவது அடிவண்ணம். கண் எழுதுவது தேர்ந்த கைக்கே விடப்படும். அதனைக் 'கண் திறத்தல்' என்பர். திருவுருவங்களுக்கும் அச்சடங்கு உண்டு. இங்கே கற்பிப்பதற்கெனத் தனியே ஒருவர் அமர்வதில்லை. தந்தையும் அத்தையும் அண்ணனும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து தீட்டுகின்றனர். பிழை ஈரம் காயுமுன் பிடிபடுகின்றது.

திண்ணை இல்லாதவன் என்ன செய்வான்? பொழுதுபோக்காகச் சிற்றுருவம் தீட்டும் மேலை நாட்டார் இக்கேள்விக்கு ஒரு விடை கண்டனர். ஜெர்மனியின் நூரம்பர்க் நகரில் வார்க்கப்பட்ட தட்டையான தகரச் சிப்பாய்கள் 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவெங்கும் விற்பனையாயின. 1893இல் இங்கிலாந்தின் பிரிட்டன் நிறுவனம் உள்ளீடற்ற ஈய வார்ப்பு முறையைக் கையாண்டு பொம்மைகளை மலிவாக்கியது. சிறுவர்க்கென வந்தவற்றைப் பெரியவர்கள் எடுத்துக்கொண்டனர், நாவலாசிரியர் எச். ஜி. வெல்ஸ் 1913இல் இவற்றைக்கொண்டு ஆடும் போர் விளையாட்டுக்கு ஒரு நூலே எழுதினார். 1935இல் பிரிட்டனில் மாதிரிச் சிப்பாய்க் கழகம் ஒன்று தோன்றியது. எழுத்தரும் மருத்துவரும் ஓய்வுபெற்ற படைவீரரும் தாம் தீட்டியதை ஒரு மேசைமேல் வைத்து, ஒருவர் வேலையை மற்றவர் பார்த்துத் தேறும் வழக்கம் இத்தகைய கழகங்களில் வளர்ந்தது. தொழிற்குடும்பத்தின் திண்ணையைப் பொழுதுபோக்காளர் மேசையாக மாற்றிக்கொண்டனர் என்னலாம்.

இக்கலைக்குப் பிறர் கண் ஏன் இத்துணைத் தேவைப்படுகின்றது என்பதை அளவைக் கொண்டு விளக்கலாம். இன்று பெரிதும் வழங்கும் சிற்றுருவத்தின் உயரம் 28 மில்லிமீட்டர். 170 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒருவனை 60இல் ஒரு பங்காகக் குறுக்கினால் ஏறத்தாழ இவ்வளவு வரும். 3 சென்டிமீட்டர் அகலமுள்ள கண் அப்போது அரை மில்லிமீட்டர் ஆகிவிடும். அந்த அரை மில்லிமீட்டரில் வெண்விழியும் கருவிழியும் அமைய வேண்டும்.

ஒளியும் இவ்வாறே ஏமாற்றும். நம் முகத்தில் மூக்கின் நிழல் தெளிவாக விழுகின்றது. விரல்நுனி அளவு முகத்தில் அந்நிழல் கண்ணுக்குப் புலப்படாத அளவு சிறுத்துவிடும். ஆகவே நிழலையும் ஒளியையும் தீட்டுபவனே மிகைப்படுத்தி எழுத வேண்டும். மடிப்பின் குழியில் கருமை, மேட்டில் வெண்மை, இரண்டுக்கும் இடையே படிப்படியான மாற்றம். புதிதாகத் தொடங்குவோர் இதற்கு அஞ்சுவர். கையில் பிடித்து அருகே பார்க்கையில் அந்த மிகை கோரமாகத் தோன்றும். மேசைமேல் வைத்து ஒரு முழத்துக்கு அப்பால் நின்று பார்த்தால்தான் முகம் முகமாகும். தீட்டுபவன் எப்போதும் அருகிலேயே இருக்கின்றான். அப்பால் நிற்பவன் நண்பன்.

தூரிகை பற்றிய ஒரு மயக்கத்தையும் இங்கே தீர்க்கலாம். நுண்ணிய வேலைக்கு மிகச் சிறிய தூரிகையே வேண்டும் எனப் பலரும் எண்ணி, நாலைந்து மயிர் மட்டுமே உள்ளதை வாங்குகின்றனர். அதில் வண்ணம் பொம்மையைத் தொடுமுன்னரே காய்ந்துவிடும். வயிறு சற்றுப் பருத்து நுனி கூராக நிற்கும் 1ஆம் எண் தூரிகை கண் எழுதவும் போதும். வண்ணத்தைப் பால்போல் நீர்க்கச் செய்து, ஒரு பூச்சுக்கு மாறாக இரண்டு மூன்று மெல்லிய பூச்சு இடுதல் வேண்டும். தடித்த பூச்சு சிற்பியின் கோடுகளை விழுங்கிவிடும். இச்செய்திகள் நூல்களில் உண்டு. ஆயினும் பெரும்பாலோர் இவற்றை அறிவது, "ஐயா, இன்னும் இரண்டு சொட்டு நீர் விடுங்கள்" என்று பக்கத்திலிருப்பவர் சொல்லும்போதுதான்.

சிற்றுருவம் தீட்டுவதில் நடுவே ஓர் அழுக்கான நிலை வரும். அடிவண்ணம் பூசிய பொம்மை துப்புரவாக இருக்கும். குழிகளில் நிழல் நிற்பதற்காக நீர்த்த கருவண்ணத்தை அதன்மேல் ஓடவிட்டதும், சேற்றில் விழுந்து எழுந்ததுபோல் ஆகிவிடும். மேடுகளை மீண்டும் வெளுப்பாக்கிய பின்னரே உருவம் தெளியும். புதியவர் பலர் கைவிடுவது இந்த நடுவில்தான். தம் கைக்கு இது வராது என முடிவு கட்டிவிடுகின்றனர். அவ்வேளையில் பக்கத்தில் இருப்பவர் தம் பழைய பொம்மை ஒன்றைக் காட்டி, "இதுவும் இப்படித்தான் இருந்தது, நாளைக்கு மேடுகளை எழுதுங்கள்" என்றால் அது வெறும் தேற்றரவு அன்று. வழியறிந்தவர் தரும் செய்தி. ஊக்கம் என்னும் சொல்லுக்கு இக்கலையில் உள்ள பொருள் இதுவே.

புகழ்ச்சி என்பது வேறு. "மிக அருமை" என்று நான்கு பேர் சொன்னாலும் அடுத்த பொம்மையில் எதை மாற்றுவது என்று தீட்டுபவன் அறியமாட்டான். 1996இல் குளூகர், டினிசி என்னும் இரு ஆய்வாளர், பயில்வோர்க்குக் கருத்துரை கூறுவதன் விளைவுபற்றிய 600க்கு மேற்பட்ட அளவீடுகளைத் தொகுத்து நோக்கினர். சராசரியாக நன்மையே விளைந்தது. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவற்றில் கருத்துரைக்குப் பின் வேலை முன்னிலும் தாழ்ந்தது! கருத்துரை வேலையை விட்டு ஆளின்மேல் திரும்பும்போது பயன் குன்றும் என்பது அவர்கள் கொண்ட விளக்கம். "உனக்கு நல்ல கை" என்பதும் ஆளைப் பற்றியதே. "இடக்கன்னத்து நிழல் மூக்குவரை ஏறிவிட்டது" என்பது வேலையைப் பற்றியது. ஆசிரியர் பலர் முன்னதைக் கனிவு என்றும் பின்னதைக் கடுமை என்றும் கொள்வது வியப்புக்குரியது.

ஆஸ்திரேலிய நாட்டுக் கல்வியாளர் ராய்ஸ் சாட்லர் 1989இல் எழுதிய கட்டுரையொன்று இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. பயில்பவன் முன்னேற மூன்று வேண்டும் என்றார் அவர்: நல்ல வேலை எது என்ற தெளிவு, தன் வேலையை அதனோடு ஒப்பிடும் திறம், இடைவெளியைக் குறைக்கும் செயல். முதல் இரண்டும் பிறர் வேலையைப் பார்த்துப் பார்த்தே வருவன. தன் பொம்மையில் தெரியாத பிழை அடுத்தவன் பொம்மையில் உடனே தெரிகின்றது. அதைச் சொல்ல முயலும்போது சொல்பவன் கண்ணும் கூர்மையடைகின்றது.

ரப்பர்த் தோட்டத்தாருக்கு இது புதிய செய்தி அன்று. பால்மரம் வெட்டப் பழகும் புதியவர் பட்டையை ஒன்று ஒன்றரை மில்லிமீட்டர் கனத்திற்குச் சீவ வேண்டும். ஆழம் குறைந்தால் பால் சுரக்காது. மிகுந்தால் மரம் காயம்பட்டு, புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். கத்தி எவ்வளவு இறங்குகின்றது என்பதை ஏட்டில் படித்து அறிய இயலாது. பக்கத்து நிரையில் வெட்டும் அக்கா வந்து வெட்டுவாயைத் தடவிப் பார்த்து, "இங்கே இறங்கிடுச்சு பாரு" என்று விரலால் காட்டுவதே பாடம். அக்காவின் சொல்லில் புகழ்ச்சியும் இல்லை, இகழ்ச்சியும் இல்லை. இடம் மட்டும் இருந்தது.

எழுத்துத் துறையிலும் இந்நாட்டில் இது நிகழ்ந்ததுண்டு. 1950இல் தமிழ் நேசன் நாளிதழில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் 'கதை வகுப்பு' நடத்தினர். கதை எழுத விழைந்தோருக்கு அது பயிற்சிக்களமாக அமைந்தது. மலாயாத் தமிழ்ச் சிறுகதையின் வரலாற்றில் அதற்குத் தனியிடம் தரப்படுகின்றது. அவ்விதழ் 2019இல் நின்றுவிட்டது.

போட்டியைப் பற்றியும் ஒரு சொல். பிரிட்டனில் 1987இல் தொடங்கிய 'கோல்டன் டீமன்' என்னும் சிற்றுருவப் போட்டி புகழ்பெற்றது. அமெரிக்காவில் சிகாகோ நகரத்துக் கழகம் வேறு முறையைக் கையாள்கின்றது. அங்கே ஒருவர் வேலையை மற்றவர் வேலையோடு மோதவிடுவதில்லை. ஒவ்வொன்றையும் ஒரு தரத்தோடு ஒப்பிட்டுப் பதக்கம் தருகின்றனர். பத்துப் பேர் அத்தரத்தை எட்டினால் பத்துப் பேருக்கும் தங்கம். பள்ளிக்கு ஏற்றது இரண்டாவது முறையே. முதற்பரிசு ஒன்றுதான் என்றால், அடுத்தவன் பிழையைச் சுட்டிக்காட்ட எந்தச் சிறுவன் முன்வருவான்?

நெகிரி செம்பிலானில் இக்கலைக்கு ஒரு தேவையும் காத்திருக்கின்றது. சிரம்பான், ரந்தாவ், போர்ட்டிக்சன், பகாவ் வட்டாரங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. நீலாய், லாபு பக்கங்களில் தோட்டம் இருந்த நிலம் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறியது. எனினும் தோட்டத்துக் கோயில்களில் முனீஸ்வரரும் மதுரைவீரனும் மாரியம்மனும் சுதை உருவில் நிற்கின்றனர். ஏறத்தாழ 12 ஆண்டுக்கு ஒருமுறை குடமுழுக்கு வரும்போது அவற்றுக்கு வண்ணம் புதுப்பிக்கப்படுகின்றது. பெரிய கோயில்கள் தமிழகத்துச் சிற்பியரை வரவழைக்கும். சிறிய கோயில்களுக்கு அந்த வசதி ஏது? கடையில் கிடைக்கும் எனாமல் வண்ணம் பழைய பூச்சின்மேல் தடிப்பாக ஏறுகின்றது. மீசையின் கீறலும் ஆடையின் மடிப்பும் ஒவ்வொரு பூச்சிலும் சற்றே மறைகின்றன. மூன்று முழுக்குக்குப் பின் அந்த முகத்தைச் செதுக்கியவன் கையே காணாமற் போய்விடும். பழைய பூச்சைச் சுரண்டி எடுத்து, மெல்லிய பூச்சாகத் தீட்டத் தெரிந்த கை உள்ளூரிலேயே இருந்தால் இந்த இழப்பு நேராது. அக்கையை மூன்று விரற்கடைப் பொம்மையில் பழக்கலாம்.

தமிழ்ப்பள்ளிகளில் 150 மாணவருக்குக் குறைந்தவை பல. இரண்டு ஆண்டு மாணவரை ஒரே அறையில் இருத்திக் கற்பிக்க நேர்வதைக் குறையென்றே பேசுகின்றனர். கலைக்கல்வி நேரத்தில் அதுவே வசதியாகும்: ஐந்தாம் ஆண்டு மாணவன் மூன்றாம் ஆண்டுத் தம்பிக்குக் காட்டுவான். செலவும் பெரிதில்லை. பழைய நாளிதழை ஊறவைத்து அரைத்துப் பசை சேர்த்தால் காகிதக் கூழ். வெள்ளை அக்ரிலிக் வண்ணமே அடிப்பூச்சு. போத்தல் மூடியில் மெழுகால் பொம்மையை ஒட்டிவிட்டால் விரல் படாமல் திருப்பித் திருப்பித் தீட்டலாம். மேசையைச் சுற்றி நால்வர் போதும். ஒவ்வொருவரும் அடுத்தவர் பொம்மையில் நன்றாய் அமைந்த ஓரிடத்தையும் மாற்றவேண்டிய ஓரிடத்தையும் விரலால் தொட்டுக் காட்ட வேண்டும். "நல்லா இருக்கு" என்ற சொல்லுக்கு மட்டும் அந்த மேசையில் தடை.

கைப்பேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்க்கும் வழக்கம் இப்போது உண்டு. பிழை காண அது உதவும்; ஆயினும் 3 சென்டிமீட்டர் உருவத்தை ஒரு முழ அளவுக்குப் பெருக்கிக் காட்டும் படம் தேர்ந்தவன் கையையும் நடுங்கவைக்கும். சிறுவர்க்கு முதலில் காட்டத்தக்கது மேசையும் ஒரு முழத் தொலைவுமே. முதற்பொம்மையின் அடியில் பெயரையும் நாளையும் எழுதி, அதனை மறுபடி தீட்டாமல் அப்படியே நிலைப்பேழையில் வைத்துவிட வேண்டும். பத்தாவது பொம்மை முடிந்த அன்று அதை வெளியே எடுக்கலாம்.