சருகு மண்ணாகும் விதம்

வருடம் முழுதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லாத யாழ்ப்பாணக் குடாநாட்டில், சுண்ணாம்புக் கல்லின்மேல் படிந்த செம்மண்ணும், ஐப்பசி முதல் மார்கழிவரை பெய்யும் மாரியுமே விவசாயத்துக்கு ஆதாரமாகும். அச்செம்மண்ணில் உக்கிய பதார்த்தம் இயல்பாகவே குறைவு. ஆகையால் உதிர்ந்த இலை எவ்வாறு மண்ணாகிறது என்பதை அறிவது இந்நாட்டாருக்கு மிக அவசியம்.

சோளகம் வீசும் வறண்ட மாதங்களில் முதிரை போன்ற விருட்சங்கள் இலையுதிர்க்க, எந்நாளும் பசுமை மாறாத பாலையும் வீரையும் முதிர்ந்த இலைகளைச் சிறுகச் சிறுகக் கழிக்கின்றன. உதிர்க்குமுன் இலையிலுள்ள நைதரசன், பொசுபரசு ஆகியவற்றில் ஒரு பகுதியை மரம் தன்னுள் மீட்டுக்கொள்வதால், நிலத்தில் வீழ்வது சத்துக் குன்றிய சருகேயாகும். ஈரமின்றிப் பற்றீரியாக்களும் பங்கசுகளும் செயலற்றிருக்கும் அக்காலத்தில் சருகு குவிந்துகொண்டே போகிறது. எனினும் மண்ணுள் ஈரத்தைக் காத்து, புற்றில் பங்கசுத் தோட்டம் வளர்க்கும் கறையான் இனங்கள் அப்போதும் சருகை அரித்து உள்ளே கொண்டுசெல்கின்றன.

முதல் மழை வீழ்ந்ததும் பொற்றாசியமும் சர்க்கரைகளும் விரைந்து கரைந்து மண்ணுட் சேர, உறங்கிக் கிடந்த நுண்ணுயிர்கள் ஒருங்கே விழித்துப் பெருகுகின்றன. காய்ந்த மண் நனையும்போது உக்குதலும் நைதரசன் விடுபடுதலும் திடீரெனப் பெருகுவதைக் கிழக்காபிரிக்காவில் ஆராய்ந்த பேர்ச் என்னும் விஞ்ஞானி 1958ஆம் ஆண்டு எடுத்துக்காட்டினார்.

எல்லா இலையும் ஒரே வேகத்தில் உக்குவதில்லை. ஒரு பங்கு நைதரசனுக்குக் காபன் ஏறக்குறைய 25 பங்குக்கு மேற்படின், நுண்ணுயிர்கள் தமக்கு வேண்டிய நைதரசனை மண்ணிலிருந்தே எடுத்துப் பயிரை வாடச்செய்யும். இலிக்னின் மிகுந்த இலையோ இன்னும் தாமதமாகச் சிதையும். பூவரசங்குழையும் கிளிசரிடியாக் குழையும் சீக்கிரம் உக்கிப் பயிருக்கு உணவாக, கூரையிலும் வேலியிலும் இருந்து கழித்த பனையோலை மெல்லச் சிதைந்து மண்ணின் கட்டமைப்பைக் காக்கும். இவ்விரண்டையும் தோட்டத்தில் தாழ்த்திவந்த நம் முன்னோர், இந்த இரசாயனத்தை அனுபவத்தால் அறிந்த நிபுணர்களே.

இன்றோ முற்றத்திலும் தோட்டத்திலும் கூட்டிய சருகைத் தீயிட்டுவிடுகிறோம். அத்தீயில் காபனும் நைதரசனும் பெரும்பாலும் வாயுவாய்ப் போய்விட, சாம்பலில் பொற்றாசியமும் கல்சியமும் போன்ற சிலவே எஞ்சுகின்றன. அந்த நஷ்டத்தை ஈடுசெய்ய மிகையாக இடும் நைதரசன் உரமோ, சுண்ணாம்புக் கல்லினூடே எளிதில் இறங்கி, நாம் குடிக்கும் கிணற்று நீரில் நைத்திரேற்றாகக் கலக்கிறது. ஆதலால் சருகை எரியாது, மரத்தடியில் பரப்பியோ குழியிலிட்டு உக்கவைத்தோ மண்ணுக்கே திருப்பிக் கொடுப்பது, மண்ணையும் நீரையும் ஒருங்கே காக்க ஒவ்வொரு வீட்டாரும் இன்றே தொடங்கக்கூடிய கடமையாகும்.