மின்னஞ்சல் திறக்காதபோது எங்கே பார்ப்பது?

மின்னஞ்சல் வரவில்லை என்றதும் வீட்டில் முதலில் பழி சுமப்பது கணினிதான். ஆனால் ஒரு மடல் நம் கண்ணுக்கு எட்டுவதற்குள் ஐந்து இடங்களைக் கடக்கிறது. தொலைவில் உள்ள அஞ்சல் வழங்கி, தெருவில் ஓடும் இணைப்பு, வீட்டிலுள்ள ரவுட்டர், கணினி, கடைசியாக மடலைப் பிரித்துக் காட்டும் மென்பொருள். இவற்றில் எது பழுதானாலும் திரையில் தெரிவது ஏறக்குறைய ஒரே மாதிரியான பிழைச் செய்திதான். மெல்பேர்ண் நகர மையத்திலிருந்து தென்மேற்கே 20 கிலோமீற்றருக்குச் சற்று அப்பால் உள்ள பொயிண்ட் குக் இதற்கு நல்ல சான்று. வயல்வெளியாக இருந்த அந்தப் பகுதி வேகமாக வளர்ந்து, 2021 குடிசன மதிப்பீட்டின்போது 66,000-க்கும் மேற்பட்டோர் வாழும் புறநகராகிவிட்டது. தேசிய அகலப்பட்டை வலையமைப்பான என்பிஎன் வருவதற்கு முந்திய, தொலைபேசிக் கம்பி வழியே இணையம் வந்த ஏடிஎஸ்எல் காலத்தில், இணைய வேகம் போதாது என்று அங்கே குடியிருந்தவர்கள் ஓயாமல் முறையிட்டார்கள். வீடுகள் புதியவை, கணினிகளும் புதியவை. குறை தெருவில் போடப்பட்டிருந்த தொலைபேசிக் கட்டமைப்பில் இருந்தது. எத்தனை புதிய கணினி வாங்கினாலும் அந்தக் குறை தீர்ந்திருக்காது.

ஆகவே பழுதைத் திருத்துவதற்கு முன் அது எங்கே இருக்கிறது என்று ஒதுக்கிப் பார்க்க வேண்டும். இதற்குத் தொழில்நுட்ப அறிவு தேவையில்லை, ஒழுங்கு இருந்தால் போதும். அதே கணினியில் ஏதாவதொரு இணையத்தளம் திறக்கிறதா? திறந்தால் இணைப்பின் மேல் குற்றமில்லை. திறக்காவிட்டால், வைஃபையை அணைத்துவிட்டுத் தன் சிம் இணைப்பில் இருக்கும் கைபேசியில் பாருங்கள். அங்கே திறந்தால் குறை வீட்டு இணைப்பிலோ ரவுட்டரிலோ கணினியிலோ இருக்கிறது. தளங்கள் திறந்தும் அஞ்சல் மட்டும் வரவில்லை என்றால், உலாவி வழியாக அஞ்சல் கணக்கிற்குள் நுழைந்து பாருங்கள். மடல்கள் அங்கே இருந்தால் வழங்கி நலமாக உள்ளது, பழுது மென்பொருளில். அங்கேயும் புதிய மடல் இல்லை என்றால் பெட்டி நிறைந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். ஜிமெயிலின் இலவச 15 ஜிபி இடத்தை மடல்கள் மட்டும் நிரப்புவதில்லை. படங்களும் கோப்புகளும் அதே இடத்தைப் பங்குபோடுகின்றன. பேரப்பிள்ளைகளின் காணொளிகளால் நிரம்பிய கணக்கில் மின்கட்டணப் பட்டியல் வந்து சேராமல் போவது இப்படித்தான். மடல் வருகிறது, ஆனால் அனுப்ப முடியவில்லை என்றால் அது தனி நோய். வாங்கும் வழியும் அனுப்பும் வழியும் வெவ்வேறு. அனுப்புவதற்குப் பயன்பட்ட பழைய 25-ஆம் துறையை (port) எரித அஞ்சலைத் தடுக்கும் பொருட்டுப் பல இணைய நிறுவனங்கள் அடைத்துவிட்டன. 587 அல்லது 465 என்று மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

இந்தச் சோதனைகள் எல்லாம் ஒன்றையே காட்டுகின்றன: இணைப்பு, முகவரி, மென்பொருள் மூன்றும் தனித்தனியாக இருந்தால்தான் பழுதைப் பிரித்தறிய முடியும், ஒன்றை விட்டு இன்னொன்றுக்கு மாறவும் முடியும். அவுஸ்திரேலியாவில் பல குடும்பங்கள் இணைப்புத் தந்த நிறுவனமே இலவசமாகக் கொடுத்த முகவரியை ஆண்டுக்கணக்கில் வைத்திருந்தன. 2023-இல் டிபிஜி டெலிகொம் தன் பெயரிலும் ஐஐநெட், இன்டர்நோட் போன்ற துணைப் பெயர்களிலும் நடத்திவந்த அஞ்சல் சேவையைக் கைவிட்டு, அதை ‘தி மெசேஜிங் கம்பனி’ என்ற வேறொரு நிறுவனத்திடம் ஒப்படைத்தது. முகவரியைத் தொடர்ந்து வைத்திருக்க விரும்பியவர்கள் தொடக்கச் சலுகைக் காலம் முடிந்ததும் பணம் கட்ட வேண்டியதாயிற்று. வங்கி, மெடிகெயார், பிள்ளையின் பள்ளிக்கூடம் என எல்லா இடத்திலும் அந்த முகவரியையே கொடுத்திருந்தவர்களின் சங்கடத்தை எண்ணிப் பாருங்கள். என்பிஎன் நேரடியாக மக்களுக்கு இணையம் விற்பதில்லை. சில்லறை நிறுவனங்கள் பல அதன் மேல் போட்டி போடுகின்றன. விலை குறைந்த இடத்துக்கு மாறிக்கொள்ளும் இந்தச் சுதந்திரத்தை, இணைப்போடு கட்டிய முகவரி பறித்துவிடுகிறது.

மென்பொருளும் நிலையானதல்ல. விண்டோஸ் எக்ஸ்பியோடு வந்த அவுட்லுக் எக்ஸ்பிரஸ் விஸ்டாவில் இல்லை. அதன் வழிவந்த விண்டோஸ் லைவ் மெயிலுக்கான ஆதரவு 2017 ஜனவரியில் முடிந்தது. விண்டோஸ் 10-இல் இருந்த ‘மெயில்’ செயலியை 2024 டிசம்பர் 31-உடன் மைக்ரோசொஃப்ட் நிறுத்தியது. இடையில் கடவுச்சொல் முறையும் மாறியது. 2022-இல் கூகுளும் 2024-இல் மைக்ரோசொஃப்டும், வெறும் பெயரும் கடவுச்சொல்லும் கொண்டு நுழையும் பழைய செயலிகளுக்குக் கதவைச் சாத்தின. சரியான கடவுச்சொல்லைக் கொடுத்தும் மென்பொருள் திரும்பத் திரும்ப அதையே கேட்கிறது என்றால், பல வீடுகளில் காரணம் இதுதான். வன்பொருளில் ஒரு குறையும் இருக்காது.

பிரித்து வைப்பதன் அருமையைத் தமிழர்கள் முன்பே அனுபவித்திருக்கிறார்கள். 1990-களில் சிட்னியிலிருந்து பாலா பிள்ளை நடத்திய தமிழ்.நெட் குழுமத்தில், உலகெங்கும் இருந்தவர்கள் மின்னஞ்சலிலேயே தமிழில் எழுதிக்கொண்டார்கள். தமிழ் இலக்கியங்களை மின்னுருவாக்க 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டமும் அந்த உறவில் பிறந்ததே. அப்போது பயன்பட்ட மயிலை, பின்னர் வந்த திஸ்கி போன்ற குறியாக்கங்களில் எழுதிய மடலை, உரிய எழுத்துரு இல்லாத கணினி புரியாத இலத்தீன் குறிகளாகக் காட்டியது. யூனிகோடு பரவியதும் அந்தத் தொல்லை ஒழிந்தது. பழைய மடல்களை எளிய உரைக் கோப்பாகத் தம் கணினியில் சேமித்திருந்தவர்களால் இன்றும் அவற்றை யூனிகோடுக்கு மாற்றிப் படிக்க முடியும். கணக்கோடு மூடப்பட்ட பெட்டியில் விட்டவர்களுக்கு அந்த வாய்ப்பில்லை. நம் சமூகத்தின் புலம்பெயர் வரலாற்றில் ஒரு பகுதி இத்தகைய மடல்களில்தான் இருக்கிறது என்பதால் இது எனக்குச் சிறிய விடயமாகப் படவில்லை.

உலாவி இருக்க மென்பொருள் எதற்கு என்று கேட்கலாம். ஒரே கணக்கு, குறைந்த மடல் என்றால் உலாவி போதும், அதை மறுக்கவில்லை. ஆனால் கணக்கு முடக்கப்பட்டாலோ களவு போனாலோ உலாவியில் படித்தவரிடம் ஒரு மடலும் மிஞ்சாது. ‘எல்லாம் மேகத்தில் பத்திரமாக இருக்கிறதே’ என்பது அடுத்த மறுப்பு. இன்று வழக்கிலுள்ள ஐமேப் முறை வழங்கியையும் கணினியையும் ஒத்திசைக்கிறது. ஓரிடத்தில் அழித்தால் மற்ற இடத்திலும் அழியும். ஒத்திசைவு வேறு, காப்புப் பிரதி வேறு. மூன்றாவது மறுப்பு முதியோர் பற்றியது: இவ்வளவையும் அவர்களால் கற்க முடியுமா? இதற்கு என் பதில் உறுதியானது. தொலைபேசியில் என்பிஎன் பெயரையோ மைக்ரோசொஃப்ட் பெயரையோ சொல்லி, கணினியில் கோளாறு இருக்கிறது, உள்ளே விடுங்கள் என்று கேட்கும் மோசடிகளைப் பற்றி அரசின் எச்சரிக்கைச் சேவையான ஸ்கேம்வொச் தொடர்ந்து எச்சரித்து வருகிறது. பழுது எந்த இடத்தில் இருக்கக்கூடும் என்று தாமே பார்க்கத் தெரிந்தவரை இப்படி மிரட்டுவது கடினம். இதைக் கற்க வேண்டியவர்களில் முதல் வரிசையில் நிற்பவர்கள் முதியோரே.

எந்த மென்பொருள் என்று கேட்டால், வீட்டுப் பாவனைக்கு நான் முன்வைப்பது தண்டர்பேர்ட். 2004-இல் 1.0 பதிப்பு வந்த இது இலவசம், திறந்த மூலம். விண்டோஸ், மக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும், 2024 முதல் அன்ட்ரொயிடிலும் உண்டு. மடல்களை எம்பாக்ஸ் என்ற திறந்த வடிவில் வைக்கிறது, அதாவது நாளை இதை விட்டு விலகினாலும் வேறு மென்பொருளால் அவற்றைப் படிக்க முடியும். குறைகளும் உண்டு. அழித்த மடல் ‘சுருக்கு’ என்ற கட்டளை இயங்கும்வரை கோப்பில் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். கோப்புறையின் அட்டவணை சிலவேளை குழம்பும், அப்போது அதன் பண்புகள் பக்கத்தில் உள்ள ‘சீர்செய்’ பொத்தானை அழுத்த வேண்டும். புதிய அவுட்லுக்கும் இலவசந்தான், பழகவும் எளிது. ஆனால் ஜிமெயில் போன்ற பிறர் கணக்குகளை அதில் சேர்த்தால், மடல்களின் பிரதி மைக்ரோசொஃப்ட் மேகத்துக்கும் போகிறது. அதற்கு உடன்படுவோர் அறிந்து உடன்படட்டும். அப்பிள் கணினி வைத்திருப்போருக்கு அதனுடன் வரும் மெயில் செயலியே போதுமானது.

இணைய நிறுவனம் தந்த முகவரியை இன்னும் வைத்திருப்பவர்கள், இணைப்பைச் சாராத முகவரி ஒன்றை இந்த வாரமே எடுத்து, முதலில் வங்கியிலும் பிறகு அரசுச் சேவைகளிலும் மாற்றுங்கள். முடிந்தால் ஆண்டுக் கட்டணம் செலுத்தி பெயரை அடுத்து நேரடியாக .au என முடியும் சொந்தத் தளப்பெயரைப் பதிவு செய்யுங்கள். 2022 மார்ச்சிலிருந்து தனியாட்களுக்கும் அது கிடைக்கிறது. தண்டர்பேர்டின் சுயவிவரக் கோப்புறையை மாதம் ஒருமுறை வெளி வன்தட்டில் நகலெடுங்கள். நகலெடுக்கும்போது மென்பொருள் மூடியிருக்க வேண்டும்.