இரண்டு பென்னிக்கு ஒரு வாரம்

1930-களில் லண்டனிலோ மான்செஸ்டரிலோ ஏழைகள் குடியிருந்த பகுதிகளில் தெருமுனைக்குத் தெருமுனை ஒரு பெட்டிக்கடை இருந்தது. சிகரெட், மிட்டாய், செய்தித்தாள் எல்லாம் விற்றாலும், பள்ளிக்கூடப் பையன்களின் கண் போனது சிறுவர் வாரப் பத்திரிகைகளின் மேல்தான். விலை இரண்டு பென்னி. 'மேக்னெட்', 'ஜெம்' இரண்டும் லண்டன் அமால்கமேட்டட் பிரஸ் வெளியிட்டவை. 'அட்வென்ச்சர்', 'ரோவர்', 'விசார்டு', 'ஸ்கிப்பர்', 'ஹாட்ஸ்பர்' ஐந்தும் ஸ்காட்லாந்தின் டண்டீ நகரிலிருந்து டி.சி. தாம்சன் நிறுவனம் அனுப்பியவை. வாங்கிய பையன் படித்து முடித்ததும் வேறொன்றுக்கு மாற்றிக்கொள்வான். ஒரு பிரதி எத்தனை கை மாறியதென்று பதிப்பாளருக்கே தெரிந்திருக்காது.

'மேக்னெட்'டைப் பிரித்தால் பக்கத்துக்குப் பக்கம் பொடி எழுத்து. நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கோட்டோவியம். வாரம் 20 ஆயிரம் சொற்களுக்கு மேல் ஒரே கதை ஓடும். களம் கிரேஃபிரையர்ஸ் என்ற கற்பனை உறைவிடப் பள்ளி. அங்கே பில்லி பன்ட்டர் என்ற குண்டுப் பையன், வீட்டிலிருந்து பணம் வருகிறது, இதோ வந்துவிடும் என்று சொல்லிச் சொல்லியே எல்லாரிடமும் கடன் கேட்பான். பணம் வந்தபாடிருக்காது. பானிப்பூர் நவாப் ஹரி ஜம்சட் ராம் சிங் என்று ஓர் இந்திய மாணவனும் உண்டு. பந்துவீச்சில் சூரன், ஆனால் அவன் பேசும் ஆங்கிலம் சிரிப்பு மூட்டுவதற்கென்றே கோணலாக எழுதப்பட்டது. இன்று நாம் படித்தால் முகம் சுளிப்போம். ஆனாலும் நாயகர்களின் கூட்டத்தில் அவனுக்குச் சரிசமமான இடம் இருந்தது.

படித்தவர்களில் பெரும்பாலோர் அப்படியொரு பள்ளியின் வாசலைக்கூட மிதித்தவர்கள் இல்லை. 14 வயதில் படிப்பை நிறுத்தி வேலைக்குப் போனவர்கள். சால்ஃபோர்டு சேரியில் வளர்ந்த ராபர்ட் ராபர்ட்ஸ், தங்கள் தெருப் பையன்கள் மானம், நேர்மை என்பதையெல்லாம் கிரேஃபிரையர்ஸிடமே கற்றதாகப் பின்னாளில் எழுதினார்.

எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல்லுக்கு உறுத்தியதும் இந்தத் தாக்கம்தான். 1940-இல் 'ஹொரைசன்' இதழில் எழுதிய கட்டுரையில், இந்தக் கதைகளில் காலம் 1910-லேயே நின்றுவிட்டது, வேலையில்லாத் திண்டாட்டமோ ஹிட்லரோ தலைகாட்டுவதில்லை என்று சாடினார். இத்தனை ஆண்டுகளாக இவ்வளவையும் ஒரே ஆள் எழுதியிருக்க முடியாது என்றும் ஊகித்தார். சில மாதங்களில் அதே இதழில், 'மேக்னெட்' கதைகளின் ஆசிரியராகப் பெயர் வந்த ஃபிராங்க் ரிச்சர்ட்ஸ் பதில் கொடுத்தார்: எழுதியது நான்தான்! சார்லஸ் ஹாமில்டன் என்ற மனிதரின் புனைபெயர்களில் அது ஒன்று. 'ஜெம்'மில் அவரே மார்ட்டின் கிளிஃபர்ட். ஆர்வெல் சொன்னதில் உண்மை இருக்கிறது. ஆனால் வயிறு காயும் வீட்டுப் பையன் இரண்டு பென்னி கொடுத்துத் தன் தெருவையே திரும்ப எதற்கு வாங்குவான்?

அந்தப் பதில் வந்த 1940 மே மாதமே, போர்க்காலக் காகிதப் பஞ்சத்தில் 'மேக்னெட்' நின்றது. தாம்சன் நிறுவனம் 1937-இல் தொடங்கிய 'டாண்டி', 1938-இல் தொடங்கிய 'பீனோ' ஆகிய சித்திர இதழ்கள் பிழைத்தன. 'டாண்டி'யின் அச்சுப் பதிப்பும் 2012 டிசம்பரோடு முடிந்தது. 'பீனோ' மட்டும் இன்றும் வாராவாரம் வருகிறது.

இன்றைய பிரிட்டிஷ் பிள்ளைக்குப் படிக்கக் கிடைப்பவை அன்றைவிட எவ்வளவோ மேல். 'ஃபர்ஸ்ட் நியூஸ்', 'தி வீக் ஜூனியர்' என்று செய்தி இதழ்களே தனியாக இருக்கின்றன; போரும் பருவநிலையும் அவற்றில் வருகின்றன, ஆர்வெல் மகிழ்ந்திருப்பார். ஆனால் பெரும்பாலும் சந்தா கட்டுவது பெற்றோரும் பள்ளியும். பிள்ளை தானாகத் தேடிப் போவது கைபேசியை. ஓய்வு நேரத்தில் படிப்பது பிடிக்கும் என்று நேஷனல் லிட்டரசி டிரஸ்ட் ஆய்வில் சொன்ன 8 முதல் 18 வயதுப் பிள்ளைகள் 2005-இல் 100-க்கு 51 பேர். 2025-இல் 33 பேர்.

அன்று வகுப்பில் மேசைக்கடியில் 'ஹாட்ஸ்பர்' விரித்தவனிடமிருந்து ஆசிரியர் அதைப் பிடுங்கினார். இன்று பிரிட்டனில் 2026 தேசிய வாசிப்பு ஆண்டு: கால்பந்தோ இசையோ சமையலோ, எதில் ஆசையோ அதைப் பற்றியே படி, காமிக்ஸானாலும் சரி என்கிறார்கள்.