கணிப்பொறிக்குள் ஒரு துபாஷி

கணிப்பொறியின் உறுப்புகளுக்கும் நாம் கையாளும் மென்பொருளுக்கும் இடையே நின்று பணிபுரிவது இயக்குதளம். கோப்பினைத் திறத்தல், திரையில் சாளரம் வரைதல், அச்சிடுதல் ஆகிய ஒவ்வொன்றுக்கும் மென்பொருள் இயக்குதளத்திடமே வேண்டுகோள் விடுக்கிறது. அவ்வேண்டுகோளின் முறை தளந்தோறும் வேறுபடும். ஆதலின், விண்டோஸுக்கென எழுதிய மென்பொருள் லினக்ஸில் நேரே இயங்குவதில்லை.

இத்தடையைக் கடக்க இரு வழிகள் உள. முதலாவது, மெய்நிகர் கணிப்பொறி. கணிப்பொறிக்குள் மற்றொரு கணிப்பொறியை மென்பொருளாலேயே அமைத்து, அதனுள் விண்டோஸ் முழுவதையும் நிறுவுவது இது. வீட்டுக்குள் வீடு கட்டுதலை ஒத்த இம்முறைக்கு நினைவகம் மிகுதியாக வேண்டும்; விண்டோஸின் உரிமமும் வேண்டும்.

இரண்டாவது, துபாஷி வழி. கும்பினியார் காலத்துச் சென்னையில் இருமொழி அறிந்து, ஆங்கிலேயருக்கும் உள்ளூர் வணிகருக்கும் இடையே நின்றவர் துபாஷி. அப்பணியைக் கணிப்பொறியில் செய்வது, 1993இல் தொடங்கப்பெற்ற 'ஒயின்' என்னும் மென்பொருள். 'கோப்பைத் திற' என விண்டோஸ் மென்பொருள் தன் வழக்கில் கேட்கும். ஒயின் அதனை லினக்ஸ் அறியும் வடிவில் மாற்றி உரைக்கும். விடையை மீண்டும் விண்டோஸ் வழக்கில் தரும். மென்பொருளோ தான் விண்டோஸில் இருப்பதாகவே கருதி இயங்கும்.

இது எளிய பணியன்று. விண்டோஸின் மூலநிரல் பிறருக்குத் திறந்து வைக்கப்படவில்லை. ஆகவே, ஆயிரக்கணக்கான செயற்கூறுகளை அவற்றின் நடத்தையைச் சோதித்தறிந்து புதிதாக எழுத வேண்டியிருந்தது. 1994 முதல் அலெக்சாந்தர் ஜூலியார் தலைமையில் நிரலாளர் பலர் உழைத்தனர். 1.0 பதிப்பு வெளிவந்தது 2008இல், பதினைந்தாண்டு உழைப்பு! இன்றும் எல்லா மென்பொருளும் இதில் பிழையின்றி இயங்கும் எனக் கூறுவதற்கில்லை.

தமிழருக்கு இதனால் என்ன பயன்? 1990களில் தமிழ் எழுத்துருக்கள் பல தத்தமக்கெனத் தனிக் குறியீட்டு முறை கொண்டிருந்தன. அக்காலக் கோப்புகள் சிலவற்றைத் திறக்க, அவற்றை உருவாக்கிய மென்பொருளே வேண்டும். ஆனால், விண்டோஸ் 3.1 காலத்து 16 பிட் மென்பொருள்களை 64 பிட் விண்டோஸ் ஏற்பதில்லை; ஒயினோ அவற்றுள் பலவற்றை இயக்குகிறது. பெற்ற தளம் கைவிட்ட பிள்ளையை அயல் தளம் வளர்க்கிறது எனலாம்.

பழைய வட்டுகளில் ஆய்வேடுகளும் மலர்களும் உறங்குமாயின், மாணவர்கள் இவ்வழியை முயன்று பார்க்கலாம். திறந்தவற்றை உடனே ஒருங்குறிக்கு மாற்றிச் சேமித்தல் நன்று. துபாஷி எந்நாளும் உடனிருப்பார் என எண்ணி வாளாவிருத்தல் ஆகாது.