விண்டோஸ் வீடு மாறியது, முகவரி மாறவில்லை

தீபாவளிக்குப் பத்து நாள் இருந்தது. தெலுக் பங்லிமா காராங்கில் அக்கா வீட்டுக்குள் நுழையும்போதே முறுக்கு வாசனை தூக்கியது. ஆனால் யார் முகத்திலும் தீபாவளிக் களை இல்லை. மேசைமேல் அக்காவின் மடிக்கணினி, கறுப்புத் திரையில் ஒரே ஒரு வெள்ளை வரியோடு நின்றது: "நோ பூட்டபிள் டிவைஸ்".

"தம்பி, ஆர்டர் எல்லாம் அதுலதான்டா இருக்கு" என்றார் அக்கா. யாருக்கு எத்தனை கிலோ, யார் முன்பணம் கொடுத்தார்கள், பந்திங்கிற்கு எந்தத் தேதியில் அனுப்ப வேண்டும், எல்லாமே.

பழி என்மேல்தான். 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்பு முடிகிறது, தீபாவளியோ 20ஆம் தேதி, அதற்குள் விண்டோஸ் 11க்கு மாற்றிவிடலாம் என்று கிளம்பியவன் நான். 2018இல் வாங்கிய கணினி அது. புதிய விண்டோஸை ஏற்கும். ஆனால் உள்ளிருந்த வன்தட்டு தேய்ந்துபோய், திறக்கவே ஐந்து நிமிடம் எடுத்தது. இடையிடையே 'டிக், டிக்' என்று சத்தம் வேறு. எனவே முதலில் கிள்ளானில் ஒரு 500 ஜிபி எஸ்எஸ்டி வாங்கி, பழைய தட்டில் இருப்பதை அப்படியே அதற்கு நகல் எடுக்க முடிவு செய்தேன்.

நகல் எடுக்கும் மென்பொருள் பழைய தட்டிலிருந்த பகுதிகளைப் பட்டியல் போட்டுக் காட்டியது. பெரிதாக சி டிரைவ். அதன் பக்கத்தில் 100 எம்பி அளவில், எழுத்துகூட இல்லாத ஒரு குட்டிப் பகுதி. இது எதற்கு என்று அதன் டிக்கை எடுத்துவிட்டேன். இரவு முழுக்க நகல் ஓடியது. காலையில் எஸ்எஸ்டியை உள்ளே பொருத்தினால் அந்த வெள்ளை வரி. சரி, பழையதையே மாட்டுவோம் என்றால், 'டிக் டிக்' சத்தத்தைத் தவிர அதில் உயிர் இல்லை. கடைசி மூச்சில்தான் நகலைக் கொடுத்திருக்கிறது.

தெரிந்த ஒரு கடைக்குப் போன் செய்தேன். "ஃபார்மேட் பண்ணி புதுசா போட்டுடலாம் பாஸ், நாளைக்கே எடுத்துக்கலாம்" என்றார்கள். கேட்க எளிதாகத்தான் இருந்தது. பல வீடுகளில் கல்யாணப் படங்களும் பிள்ளைகளின் பாடவேலைகளும் அழிவது இந்த இடத்தில்தான். கணினி திறக்கவில்லை என்றால் உள்ளே இருப்பதும் போய்விட்டது என்று நாமே முடிவுகட்டி, தலையாட்டிவிடுகிறோம்.

அக்கா மகளிடம் இன்னொரு மடிக்கணினி இருந்தது. எஸ்எஸ்டியைக் கழற்றி, யூஎஸ்பி கேபிள் வழியாக அதில் செருகினேன். சில வினாடிகளில் கோப்புறைகள் வரிசையாக வந்தன. "மாமா, பாட்டி படம்கூட இருக்கு!" என்றாள். முதல் வேலையாக ஆர்டர் கோப்புகளையும் படங்களையும் பென்டிரைவில் எடுத்து வைத்தோம். அக்கா மறுபடி அடுப்புப் பக்கம் போனார். அதற்குப் பிறகு என் கை நடுங்கவில்லை.

எல்லாம் இருந்தும் ஏன் திறக்கவில்லை? பொத்தானை அழுத்தியதும் முதலில் விழிப்பது விண்டோஸ் அல்ல, தாய்ப்பலகையில் இருக்கும் யூஇஎஃப்ஐ என்ற நிரல். விண்டோஸ் எங்கே குடியிருக்கிறது என்று அதற்குத் தெரியாது. தட்டிலுள்ள இஎஃப்ஐ பகுதிக்குப் போய், அங்கிருக்கும் பூட் மேனேஜரை எழுப்பும். பூட் மேனேஜர் தன் பிசிடி குறிப்பேட்டைப் புரட்டி, எந்தத் தட்டில் எந்தப் பகுதி என்று பார்த்து விண்டோஸை அழைக்கும். நான் 'எதற்கு' என்று ஒதுக்கிய 100 எம்பிதான் அந்த இஎஃப்ஐ பகுதி. சாமான் எல்லாம் புது வீட்டுக்கு வந்துவிட்டது, வாசற்படியைத்தான் பழைய வீட்டிலேயே விட்டுவிட்டேன்.

இதே தவறுக்கு இன்னொரு முகம் உண்டு. இரண்டு தட்டுகளும் கணினியில் இருக்கும்வரை எல்லாம் ஒழுங்காக ஓடும். ஏனென்றால் வாசற்படி பழைய தட்டில் இன்னும் இருக்கிறது. வேலை முடிந்தது என்று அதைக் கழற்றும் நாளில்தான் கறுப்புத் திரை வரும். அதனால் நகல் எடுத்தவர்கள் பழையதைக் கழற்றிவிட்டு ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும். அதுவரை பழைய தட்டை அழிக்கக் கூடாது.

இனி பழுதுபார்ப்பு. 8 ஜிபி பென்டிரைவ் ஒன்றில், மைக்ரோசாப்ட் இலவசமாகத் தரும் கருவியைக் கொண்டு விண்டோஸ் நிறுவல் கோப்புகளை ஏற்றி, அதிலிருந்து கணினியைத் திறந்தேன். நிறுவச் சொல்லும் பொத்தானை அழுத்தாமல், கீழே இருக்கும் 'ரிப்பேர்' வழியாகப் போக வேண்டும். 'ஸ்டார்ட்அப் ரிப்பேர்' இரண்டு முறை முயன்று கைவிரித்தது. இணையத்தில் பலரும் சொல்லும் 'பூட்ரெக்' கட்டளையில் எம்பிஆரைச் சரிசெய்யும் முறை இங்கே பயன்படாது. அது 1983இல் ஐபிஎம் கணினிகளோடு வந்த எம்பிஆர் காலத்துத் தட்டுகளுக்கானது. இன்றைய கணினிகளில் பெரும்பாலும் ஜிபிடி முறைதான்.

எனவே 'டிஸ்க்பார்ட்' திறந்தேன். சி டிரைவின் கடைசியில் 500 எம்பி சுருக்கி, அந்த இடத்தில் இஎஃப்ஐ வகைப் பகுதி ஒன்றை உருவாக்கி, ஃபேட்32 முறையில் வடிவமைத்து, எஸ் என்ற எழுத்தைக் கொடுத்தேன். இங்கே கவனம் தேவை: 'கிளீன்' என்றொரு கட்டளை உண்டு, அது தட்டில் இருக்கும் பகுதிகளையெல்லாம் கேள்வி கேட்காமல் நீக்கிவிடும். பிறகு 'பிசிடிபூட்' கட்டளை. விண்டோஸ் கோப்புறை இருக்கும் இடம், புதிய எஸ் பகுதி, யூஇஎஃப்ஐ வகை, மூன்றையும் சொன்னேன். பழுதுபார்க்கும் சூழலில் சி டிரைவ் சில நேரம் டி ஆகவோ ஈ ஆகவோ மாறி நிற்கும். எது விண்டோஸ் என்று உள்ளே பார்த்து உறுதி செய்த பிறகே கட்டளையை எழுத வேண்டும். பூட் கோப்புகள் உருவாக்கப்பட்டன என்று ஒரு வரி வந்தது. பென்டிரைவைப் பிடுங்கிவிட்டுத் திறந்தேன். அக்காவின் மாரியம்மன் படம் திரையில் வந்து நின்றது.

சிலருக்குக் கறுப்புத் திரைக்குப் பதில் நீலத்திரையில் 'இன்அக்ஸசிபிள் பூட் டிவைஸ்' என்று வரும். அவர்களுக்கு வாசற்படி இருக்கிறது, உள்ளே போன விண்டோஸுக்குப் புதிய தட்டோடு பேசும் டிரைவர் ஏறவில்லை. சாதாரண சாட்டா தட்டிலிருந்து என்விஎம்இ வகைக்கு மாறும்போது இப்படி ஆகலாம். பழுதுபார்க்கும் சூழல் வழியாக ஒருமுறை 'சேஃப் மோட்'டில் திறந்தால் பெரும்பாலும் சரியாகும். பயாஸில் சேமிப்பக முறை ஏஎச்சிஐ, ரெய்டு என்று மாறியிருக்கிறதா என்றும் பாருங்கள். முன்பு எதில் இருந்ததோ அதற்கே திருப்ப வேண்டும்.

கணினியில் பிட்லாக்கர் இருந்தால் நகல் எடுக்கும் முன்பே அதன் 48 இலக்க மீட்புச் சாவியை எழுதி வையுங்கள். உங்கள் மைக்ரோசாப்ட் கணக்கில் அது இருக்கலாம். அந்தச் சாவி இல்லாவிட்டால், நாங்கள் செய்ததுபோல வேறு கணினியில் செருகியும் எதையும் படிக்க முடியாது. அக்கா கணினியில் அது இல்லை. என் அதிர்ஷ்டம்.

விண்டோஸ் 11ஐத் தீபாவளி முடிந்த பிறகுதான் போட்டோம். அதுவரை அக்கா என்னை அந்தக் கணினி பக்கம் விடவில்லை. ஆர்டர் பட்டியலை அச்செடுத்துக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவைத்திருந்தார். செத்துப்போன வன்தட்டு மட்டும் என் வீட்டு பிஸ்கட் டின்னில் இருக்கிறது.