முப்பதைத் தொடும் முன்...

ரெயில்வே கணக்கில் முப்பது வயதுக்குத் தனி மதிப்பு எதுவும் கிடையாது. ஐந்து வயது ஆகாத குழந்தைக்குத் தனிப் படுக்கை கேட்காவிட்டால் டிக்கெட் தேவை இல்லை. 5 வயதில் இருந்து 12 ஆகும் வரை, படுக்கை வேண்டாம் என்றால் பாதிக் கட்டணம். 12 ஆகிவிட்டால் முழு டிக்கெட். அதன் பிறகு ஆண் பயணியின் வயதை ரெயில்வே கவனிப்பது 60-ல்தான். அதுவும் கீழ்ப் படுக்கை கொடுப்பதற்காக.

ஆனால் நெல்லையில் இருந்து வந்து தாதரில் இறங்கிய வாலிபர்களைக் கேட்டுப் பாருங்கள். முப்பது என்றதும் முகம் மாறிவிடும்.

அம்மா சொல்லும் வயது

தாராவி 90 அடி சாலைக்கு அருகே ஓர் அறை. ஆறு பேர் சேர்ந்து வாடகை கொடுக்கிறார்கள். அவர்களில் ஒருவர் 20 வயதில் மும்பைக்கு வந்தவர். முதல் ஒரு வருடம் உறவினர் கடையில் வேலை. இப்போது தனியார் கம்பெனியில் குமாஸ்தா.

பத்தாம் வகுப்புச் சான்றிதழின்படி அவருக்கு வயது 29. ஊரில் இருக்கும் தாயாரோ, "போன ஆவணியிலதான் 28 முடிஞ்சுது" என்கிறார். பள்ளியில் சேர்க்க ஐந்து வயது நிரம்ப வேண்டும் என்பதற்காக வாத்தியார் போட்டுக் கொடுத்த தேதி அது. அன்று அது உதவி. இன்று அதுவே இடைஞ்சல்.

வங்கி குமாஸ்தா தேர்வுக்குப் பொதுப் பிரிவினருக்கு 28 வயதுதான் உச்ச வரம்பு. மத்தியப் பட்டியலில் உள்ள பிற்பட்ட வகுப்பினருக்கு 3 ஆண்டுகளும், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 5 ஆண்டுகளும் சலுகை உண்டு. பிற்பட்ட வகுப்பைச் சேர்ந்த இவருக்கு இன்னும் இரண்டு வருடம் மீதி இருக்கிறது. அம்மாவின் கணக்கை ஏற்றுக்கொண்டால் மூன்று. ஏற்பவர் யார்?

கல்யாணக் கேள்வி வேறு. வாரா வாரம் போனில் வருகிறது. பெண்களிடம் இந்தக் கேள்வியை 25-லேயே கேட்கத் தொடங்கிவிடுகிறார்கள்.

எண்ணாமல் விட்ட வருடங்கள்

இப்படி ஊரும் உறவும் தேர்வு நடத்துபவர்களும் அவருடைய வயதை எண்ணிக்கொண்டே இருந்தார்கள். அவர் எண்ணியிருக்க வேண்டிய ஒன்று மட்டும் விட்டுப்போனது. அது பி.எப். சர்வீஸ்.

21 வயதில் முதல் கம்பெனியில் சேர்ந்தார். 25-ல் விலகினார். தங்கை கல்யாணம் நெருங்கிக்கொண்டிருந்தது. பி.எப். பணத்தையும் பென்ஷன் பணத்தையும் மொத்தமாக எடுத்து ஊருக்கு அனுப்பினார். அண்ணன் செய்ததை யார் குறை சொல்ல முடியும்?

பிறகு இரண்டாவது கம்பெனி. அங்கே நான்கு வருடம் ஆகிவிட்டது. போன மாதம், கூடுதல் சம்பளம் தருகிற மூன்றாவது கம்பெனிக்குப் போவதாக முடிவு செய்தார். மறுபடியும் பணத்தை எடுக்க மனு தயார் செய்தபோது, கணக்குப் பிரிவில் இருந்த பெரியவர் பார்த்துவிட்டார்.

"தம்பி, பி.எப். பணத்தை எடுத்தீங்க, சரி. பென்ஷன் பணத்தை எதுக்குத் தொட்டீங்க?"

"அன்னைக்கு யாரும் சொல்லலையே, அண்ணாச்சி."

பெரியவர் விளக்கினார். பி.எப்.புடன் சேர்ந்த பென்ஷன் திட்டத்தில் உள்ளவர்களுக்கு 10 ஆண்டு சர்வீஸ் இருந்தால், 58 வயதில் இருந்து மாதப் பென்ஷன் உண்டு. பத்து வருடத்துக்குள் வேலையை விட்டால், பென்ஷன் பணத்தை எடுத்தே ஆக வேண்டும் என்பதில்லை. புதிய கம்பெனிக்கு மாற்றிக்கொள்ளலாம். அல்லது திட்டச் சான்றிதழ் வாங்கி வைத்துக்கொள்ளலாம். எடுத்துவிட்டால் அந்த வருடங்கள் கணக்கில் இருந்து போய்விடும்.

அன்று பென்ஷன் பகுதியை விட்டுவைத்திருந்தால் இவருக்கு இன்று எட்டு வருட சர்வீஸ். இன்னும் இரண்டே வருடம்தான் பாக்கி. இப்போது இருப்பது நான்கு. பாக்கி ஆறு.

வாலிபர் அன்று இரவு சரியாகச் சாப்பிடவில்லை. மறுநாள் மனுவை ரத்து செய்தார். புதிய கம்பெனியில் பழைய யு.ஏ.என். எண்ணையே கொடுத்தார். நான்கு வருடம் தப்பியது.

பி.எப். இல்லாதவர்கள்

ஓட்டலிலும் தையற்கடையிலும் வேலை செய்கிறவர்கள், இட்லிக் கூடை சுமப்பவர்கள், இவர்களில் பலருக்குப் பி.எப். என்பதே இல்லை. வருமான வரி கட்டாதவர்களாக இருந்தால், வங்கியிலோ தபால் ஆபீசிலோ அடல் பென்ஷன் திட்டத்தில் சேரலாம். சேரும் வயது 18 முதல் 40 வரை.

60 வயதுக்குப் பின் மாதம் 5,000 ரூபாய் வேண்டும் என்றால், 18 வயதில் சேருபவர் மாதம் 210 ரூபாய் கட்டினால் போதும். 30-ல் சேருபவர் 577 ரூபாய் கட்ட வேண்டும். 40 வரை காத்திருந்தால் 1,454 ரூபாய். தள்ளிப்போட்ட வருடங்களுக்கும் சேர்த்துத்தான் விலை!

கண்ணாடியில் முதல் நரையைப் பார்த்துக் கவலைப்படுகிறவர்கள், அன்றே பி.எப். பாஸ் புத்தகத்தையும் ஒரு தடவை பார்ப்பது நல்லது.

அந்த வாலிபருக்குப் போன ஞாயிற்றுக்கிழமையும் தாயாரிடம் இருந்து போன் வந்தது. "உனக்கு 28 தாண்டா, பயப்படாதே" என்றார். "சரிம்மா" என்று சிரித்தார் மகன்.

வயதில் ஒன்றைக் குறைக்க அம்மாவால் முடியும். விட்டுப்போன சர்வீசில் ஒன்றைக் கூட்ட யாராலும் முடியாது.