பிறந்ததா, வளர்ந்ததா? கடல்மீன் வாங்கும் முன் ஒரு கேள்வி



வீட்டில் உப்புநீர் மீன்தொட்டி வைக்க ஆசையா? நல்ல ஆசைதான். ஆனால் கடைக்குப் போனதும் "என்ன விலை?" என்று கேட்பதற்கு முன், "இந்த மீன் எங்கே பிறந்தது?" என்று கேளுங்கள்.

ஏன் இந்தக் கேள்வி? பங்காய் கார்டினல் மீனை எடுத்துக்கொள்வோம். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும், வெள்ளி உடம்பில் கறுப்புப் பட்டைகள், வெண்புள்ளிகள். இதன் சொந்த ஊர் இந்தோனேசியாவின் சுலாவெசியை ஒட்டிய பங்காய் தீவுகள். முட்டைகளை ஆண் மீன் வாயில் வைத்துக் காக்கும். பொரித்த குஞ்சுகளையும் சில நாள் வாயிலேயே வைத்திருக்கும். அதுவரை அப்பா பட்டினிதான்!

பெரும்பாலான கடல்மீன்களின் குஞ்சுகள் நீரோட்டத்தோடு மிதந்து வேறு இடங்களுக்குப் போய்விடும். பங்காய்க் குஞ்சுகள் அப்படிப் போவதில்லை. பிறந்த இடத்தின் அருகிலேயே தங்கிவிடும். அதனால் ஓர் இடத்தில் இருப்பதை எல்லாம் அள்ளிவிட்டால், அந்த இடம் எளிதில் மறுபடி நிரம்பாது. 1990-களில் மீன்தொட்டி வணிகம் இதை அள்ளத் தொடங்கியது. 2007-இல் இது அழியும் ஆபத்தில் உள்ள இனமாகப் பன்னாட்டுச் சிவப்புப் பட்டியலில் ஏறியது.

இத்தனைக்கும் இது தொட்டியிலேயே குஞ்சு பொரிக்கும் மீன். கோமாளி மீனும் அப்படித்தான். தொட்டியில் பிறந்த மீனுக்கு அந்த வாழ்க்கை புதிதல்ல. கடைத்தீனியைத் தயங்காமல் தின்னும். கடலில் பிடித்ததோ பயணத்தில் களைத்து, சில சமயம் எதையும் தொடாமலே செத்துப்போகும். பண்ணை மீன் விலை கொஞ்சம் கூட இருக்கலாம். ஆனா, திரும்பத் திரும்ப வாங்குற செலவு மிச்சம்!

எல்லா மீனுக்கும் இந்த வழி இன்னும் திறக்கவில்லை. 'டோரி' என்று நாம் அறிந்த நீல மீனைத் தொட்டியில் இனப்பெருக்கம் செய்து வளர்த்தெடுக்க, ஃபுளோரிடா ஆய்வாளர்களுக்கு 2016 வரை ஆனது.

மாணவர்களே, இதை விவாதக் கட்டுரையாக எழுதினால் மறுபக்கத்தையும் விட்டுவிடாதீர்கள். மீன் பிடித்துப் பிழைக்கும் தீவுக் குடும்பங்களும் இருக்கின்றன. ஆனால் மீனே தீர்ந்துபோனால் அவர்கள் பிழைப்பும் தீர்ந்துபோகும், இல்லையா?

கடைசியாக ஒன்று. "தொட்டியில வளர்ந்ததுதாங்க" என்று கடைக்காரர் சொன்னால் அதோடு விடாதீர்கள். கடலில் குஞ்சாகப் பிடித்து, தொட்டியில் பெரிதாக்கியதும் 'வளர்ந்தது'தானே! "பிறந்ததும் தொட்டியிலதானா?" என்று கேளுங்கள். ஒரு வினைச்சொல்தான் வேறு. ஆனால் அதில்தான் ஒரு கடலின் கணக்கே இருக்கிறது.